கணக்கில் வருகிற பிள்ளைக்கு மேப்வொர்க் ஏன் வருவதில்லை?

தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த பீனிக்ஸ் பக்கம் ஒரு பள்ளியில் கிரேட் 10க்குப் புவியியல் எடுக்கும் தம்பி கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான்: "மேப்வொர்க், அதாவது வரைபடத்தைப் படித்துத் தூரம், பரப்பு, சரிவு கணக்கிடும் பகுதி, ஆரம்பித்தாலே என் பாடவேளையில் பாதி கணக்குச் சொல்லிக்கொடுப்பதில் போய்விடுகிறது. விகிதம், சரிவு எல்லாம் நான் நடத்தி முடித்தாச்சு என்கிறார் கணக்கு ஆசிரியர். பிள்ளைகளுக்கோ அவர் வகுப்பில் வருகிறது, என் வகுப்பில் வரவில்லை. இதை யார் சொல்லிக்கொடுப்பது, நானா அவரா?"

டர்பனின் இன்னொரு பகுதியான சாட்ஸ்வொர்த்தில் இரண்டு பாடமும் எடுத்தவன் என்பதால் நேராகவே சொல்கிறேன். இரண்டு பேரும்தான் சொல்லித்தர வேண்டும், ஆனால் ஒரே விஷயத்தை இருவரும் தனித்தனியாக, ஒருவருக்கொருவர் தெரியாமல் சொல்லித்தருவதுதான் இப்போது நடக்கிறது, கோளாறும் அங்கேதான் இருக்கிறது. கணக்குப் புத்தகத்தையும் புவியியல் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு ஆசிரியர்களும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால், எங்கெங்கே ஒரே பொருள் இரண்டு வேஷத்தில் வருகிறது என்று தெரிந்துவிடும். பிள்ளைக்கு அது தானாகத் தெரியாது. ஒரு வகுப்பில் கற்றது நடைபாதையைத் தாண்டி அடுத்த வகுப்புக்குத் தானே நடந்து வரும் என்று நாம் எதிர்பார்க்கிறோம், அது வருவதில்லை. யாராவது கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வர வேண்டும்.

முதலில் அளவுத்திட்டத்தை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டு டோப்போ தாள், அதாவது மேடுபள்ளத்தையும் காட்டும் வரைபடத் தாள், 1:50 000. வரைபடத்தில் 6.4 செ.மீ. என்றால் தரையில் எவ்வளவு? 6.4ஐ 50 000ஆல் பெருக்கினால் 3 20 000 செ.மீ., அதாவது 3.2 கி.மீ. பெருக்கலில் எந்தப் பிள்ளையும் தடுக்குவதில்லை, கையில் கால்குலேட்டர் இருக்கிறது. செ.மீ.யிலிருந்து கி.மீ.க்குப் போகும்போது ஒரு லட்சத்தால் வகுக்க வேண்டிய இடத்தில் ஆயிரத்தால் வகுத்து 320 கி.மீ. என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். சாட்ஸ்வொர்த்துக்குள்ளேயே இரண்டு இடங்களுக்கு நடுவில் 320 கி.மீ. எப்படி இருக்கும் என்று அந்தப் பிள்ளைக்குத் தோன்றுவதில்லை, ஏனென்றால் கணக்கு வகுப்பில் விடை என்பது வெறும் எண், அதன் பின்னால் ஓர் ஊர் கிடையாது. அதனால் அளக்கும் முன்பே "நடந்து போனால் எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டு ஓர் உத்தேச விடையை எழுத வைக்கும் பழக்கம் வேண்டும். இதை இரண்டு வகுப்பிலும் கட்டாயமாக்கினால் பாதிப் பிழைகள் பிள்ளைகள் கண்ணிலேயே பட்டுவிடும்.

இந்தச் சிக்கலைத் தவிர்க்கத்தான் புவியியல் ஆசிரியர்கள் நிறையப் பேர் "செ.மீ.ஐ 0.5ஆல் பெருக்கு, கி.மீ. வந்துவிடும்" என்று குறுக்குவழி சொல்லிக்கொடுக்கிறார்கள். டோப்போ தாளுக்கு அது சரியான விடையைத் தரும். பக்கத்திலேயே 1:10 000 ஆர்த்தோ படம், அதாவது அளவுத்திட்டத்துக்குச் சரிசெய்த வான்வழிப் புகைப்படம், வந்தவுடன் அதற்கும் 0.5 போடுகிறார்கள், அதற்கு 0.1 போட வேண்டும். பரப்பளவு வந்தால் இன்னும் மோசம். 4 செ.மீ.க்கு 3 செ.மீ. ஒரு கரும்புத் தோட்டம், 12 சதுர செ.மீ., அதை 0.5ஆல் பெருக்கி 6 சதுர கி.மீ. என்று எழுதுவார்கள். உண்மையில் 2 கி.மீ.க்கு 1.5 கி.மீ., 3 சதுர கி.மீ.தான். நீளம் ஒரு மடங்கு மாறினால் பரப்பு அந்த மடங்கின் வர்க்கமாக மாறும் என்பது கணக்கு வகுப்பில் வடிவொத்த உருவங்களோடு நடத்தப்படுகிற பாடம். டோப்போவில் ஒரு சதுர செ.மீ. 0.25 சதுர கி.மீ., ஆர்த்தோவில் 0.01 சதுர கி.மீ. இந்த இரண்டு எண்ணையும் பிள்ளையே கண்டுபிடிக்கும்படி விடுங்கள். 100 மீட்டர் நீளமுள்ள கால்பந்து மைதானம் டோப்போவில் 2 மி.மீ., ஆர்த்தோவில் 1 செ.மீ. நீளத்தில் ஐந்து மடங்கு, பரப்பில் இருபத்தைந்து மடங்கு. இதை நீங்கள் சொல்லவே வேண்டாம், இரண்டு படத்தையும் கொடுத்து உங்கள் பள்ளி மைதானத்தைத் தேடச் சொன்னால் போதும்.

"பெரிய அளவுத்திட்டம் எது?" என்ற கேள்வியும் இதே இடத்தில்தான் விழுகிறது. 50 000 பெரிய எண், ஆகவே அதுதான் பெரிய ஸ்கேல் என்பார்கள். ஐம்பதாயிரத்தில் ஒன்று பெரிதா, பத்தாயிரத்தில் ஒன்று பெரிதா என்று கேளுங்கள், ஒரு நொடியில் மாறிவிடும். பின்னத்தைப் பின்னமாகப் பார்க்க வைப்பது மட்டும்தான் இங்கே வேலை, அதிகம் நிற்கத் தேவையில்லை.

சரிவில்தான் நான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வேன். இரண்டு பாடத்துக்கும் நடுவில் இதைவிட நல்ல பாலம் கிடையாது, இதில்தான் குழப்பமும் அதிகம். கணக்கில் இரண்டு புள்ளிகளைக் கொடுத்து, ஒய் மாற்றத்தை எக்ஸ் மாற்றத்தால் வகுத்து, 2 என்றோ மைனஸ் மூன்றில் ஒன்று என்றோ எழுதுகிறார்கள். புவியியலில் உயர வித்தியாசத்தைக் கிடைமட்டத் தூரத்தால் வகுத்து 1:20 என்று எழுதுகிறார்கள். இரண்டும் ஒன்றுதான். ஆனால் பிள்ளையின் கண்ணில் படுவது என்ன? ஒன்றில் தசமம், மற்றதில் விகிதம். ஒன்றில் பிளஸ் மைனஸ் உண்டு, மற்றதில் குறி கிடையாது, மலை ஏறினாலும் இறங்கினாலும் 1:20தான். ஒன்றில் கட்டத்தாளிலேயே எண்கள் இருக்கின்றன, மற்றதில் ஓர் எண்ணை, ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக்கோட்டிலிருந்து மீட்டரில் படித்து, இன்னொன்றை ரூலரால் செ.மீ.யில் அளந்து, இரண்டையும் ஒரே அலகுக்குக் கொண்டு வந்த பிறகுதான் வகுக்கவே முடியும். இத்தனை வித்தியாசத்தையும் வாய்விட்டுச் சொல்லாமல் "கணக்கில் படித்ததுதானே" என்று சொன்னால் பிள்ளைக்கு என்ன புரியும்?

ஓர் உதாரணத்தை முழுதாகப் போடுவோம். டோப்போ தாளில் ஒரு சமஉயரக்கோட்டுக்கும் அடுத்ததற்கும் உயர வித்தியாசம் 20 மீட்டர். 120 மீட்டர் கோட்டிலிருந்து 200 மீட்டர் கோட்டுக்கு ஒரு சாலை ஏறுகிறது, வரைபடத்தில் 3.2 செ.மீ. ஏற்றம் 80 மீட்டர், தூரம் 1600 மீட்டர். 80க்கு 1600, இரண்டையும் 80ஆல் வகுத்தால் 1:20. இதோடு புவியியல் வகுப்பு நிறுத்திக்கொள்கிறது. இதே தாளைக் கணக்கு ஆசிரியர் கையில் எடுத்து, இதே சாலையை ஆயத்தொலைவுக் கட்டத்தில் (0, 120), (1600, 200) என்று இரண்டு புள்ளிகளாக வைத்து, சரிவு 0.05 என்று கண்டுபிடிக்க வைத்து, பிறகு முக்கோணவியல் வந்ததும் டேன் மதிப்பு 0.05 என்றால் கோணம் ஏறக்குறைய 3 டிகிரி என்று கால்குலேட்டரில் காட்டினால் அந்த ஒரு சாலை மூன்று பாடத்துக்கு உழைக்கும். சரிவு 2 என்று கணக்குப் புத்தகத்தில் சர்வ சாதாரணமாக வருகிறதே, அது 63 டிகிரி. அப்படி ஒரு சாலை எங்கேயும் கிடையாது. இதைக் கேட்டதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். சாட்ஸ்வொர்த் உம்லட்டுசானா, உம்லாஸ் ஆறுகளுக்கு நடுவில் மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் ஊர், பள்ளிக்கு நடந்தே வருகிற பிள்ளைக்கு 1:6க்கும் 1:20க்கும் உள்ள வித்தியாசம் முழங்காலில் தெரியும். அதை எண்ணோடு சேர்த்துவிடுவதுதான் ஆசிரியர் வேலை.

இன்னொரு இடம், என் அனுபவத்தில் யாரும் பயன்படுத்தாமல் விட்டுவிடுவது. குறுக்குவெட்டுப் படம் வரையும்போது கிடைமட்டம் 1:50 000 ஆகவும் செங்குத்து 1 செ.மீ.க்கு 100 மீட்டராகவும், அதாவது 1:10 000 ஆகவும் இருந்தால், செங்குத்து மிகைப்பு 5 மடங்கு. நம் 1:20 சாலை அந்தப் படத்தில் 1:4 மாதிரி, 14 டிகிரி ஏற்றமாகத் தெரியும். பிள்ளைகள் இதை ஒரு சூத்திரமாக மனப்பாடம் செய்து மூன்று மார்க் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். உண்மையில் கணக்கு வகுப்பில் எக்ஸ் அச்சிலும் ஒய் அச்சிலும் வேறு வேறு அளவு எடுத்து வரைகிற ஒவ்வொரு வரைபடத்திலும் இதேதான் நடக்கிறது. கோடு பார்வைக்கு அதிகம் ஏறுவதாகத் தெரியும், சரிவு மாறியிருக்காது. பத்திரிகையில் வரும் பெட்ரோல் விலை வரைபடம், வேலையின்மை வரைபடம் எல்லாவற்றிலும் இது உண்டு. கணக்கு ஆசிரியரிடம் ஒரே ஒரு உதவி கேட்கலாம் என்றால் நான் இதைத்தான் கேட்பேன்: நேர்க்கோட்டு வரைபடம் நடத்தும்போது ஒரே கோட்டை இரண்டு விதமான ஒய் அளவில் வரைய வைத்து, "இதற்குத்தான் புவியியலில் செங்குத்து மிகைப்பு என்று பெயர்" என்று ஒரு வாக்கியம் சொல்லட்டும்.

அடுத்து, இரண்டு பாடமும் நேருக்கு நேர் முட்டிக்கொள்ளும் இடங்கள். கணக்கில் கோணம் வலப்பக்க எக்ஸ் அச்சில் தொடங்கிக் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றுகிறது. புவியியலில் திசைக்கோணம் வடக்கில் தொடங்கி முள்ளோடு சுற்றுகிறது. வடகிழக்கு இரண்டிலும் 45 என்பதால் ஆசிரியர் அந்த உதாரணத்தைக் கொடுத்தால் பிழை வெளியே தெரியாது. கிழக்கைக் கொடுங்கள், கணக்கில் 0, புவியியலில் 90. கணக்கில் புள்ளியை எழுதும்போது குறுக்கே போவது முதலில், மேலே போவது பிறகு. புவியியலில் அட்சரேகை முதலில், அதாவது மேல்கீழ் முதலில். அதற்கு மேல், நாம் இருப்பது தெற்கு அரைக்கோளம், கீழே போகப் போக எண் கூடுகிறது, கணக்கில் கீழே போனால் குறையும். நம் நாட்டு நில அளவையாளர்கள் பயன்படுத்தும் ஆயமுறையில் எக்ஸ் தெற்கு நோக்கியும் ஒய் மேற்கு நோக்கியும் கூடுகிறது என்று சொன்னால் பிள்ளைகள் நம்பவே மாட்டார்கள், ஆனால் அதுதான் உண்மை. இதையெல்லாம் மறைக்கக் கூடாது. "நீங்கள் குழப்பிக்கொள்ளக் காரணம் இருக்கிறது, இரண்டு இடத்திலும் ஒப்பந்தம் வேறு" என்று வெளிப்படையாகச் சொல்லி, இரண்டையும் ஒரே பலகையில் வரைந்து, ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றும் பயிற்சி கொடுக்க வேண்டும். 90இலிருந்து கழி, எதிர்க்குறி வந்தால் 360 கூட்டு, அவ்வளவுதான். நன்றாகப் படிக்கிற பிள்ளைதான் இந்த இடத்தில் அதிகம் தடுமாறும், ஏனென்றால் அது கணக்கில் கற்றதை நம்பி இங்கே கொண்டு வருகிறது.

தாளின் எண்ணையே ஒரு பாடமாக்கலாம். டர்பன் பக்கத் தாள் ஒன்று 2930 டிடி. 29 தெற்கு அட்சம், 30 கிழக்குத் தீர்க்கம், அந்த ஒரு டிகிரிச் சதுரத்தை நான்காக வெட்டி ஏ, பி, சி, டி, ஒவ்வொன்றையும் மறுபடி நான்காக வெட்டினால் பதினாறு தாள்கள். டிடி என்றால் தென்கிழக்குக் கால்பங்கின் தென்கிழக்கு மூலை: 29°45'இலிருந்து 30°00' தெற்கு, 30°45'இலிருந்து 31°00' கிழக்கு. சாட்ஸ்வொர்த் அதில் இருக்கிறது. டர்பன் நகர மையம் 31°01' கிழக்கு, ஒரே ஒரு மினிட்டில், அதாவது டிகிரியில் அறுபதில் ஒரு பங்கில், 31ஐத் தாண்டிவிடுவதால் அடுத்த தாளான 2931 சிசிக்குப் போய்விடுகிறது. உங்கள் பீனிக்ஸ் 29°45'க்கு வடக்கே இருப்பதால் மேல் வரிசைத் தாளில் தேட வேண்டும்.

இப்போது கிரேட் 10 கணக்கு ஆசிரியருக்கு ஒரு பரிசு. இந்தத் தாள் உயரத்திலும் 15 மினிட், அகலத்திலும் 15 மினிட். அப்படியானால் சதுரமாக இருக்க வேண்டுமே? ரூலரால் அளக்கச் சொல்லுங்கள். உயரம் சுமார் 55 செ.மீ., அகலம் சுமார் 48 செ.மீ. அகலத்தை உயரத்தால் வகுத்தால் ஏறக்குறைய 0.87. கால்குலேட்டரில் காஸ் 30 தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், 0.866. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்கி வருவதும், அந்த நெருக்கம் அட்சரேகையின் காஸ் மதிப்பைப் பின்பற்றுவதும் ஒரு காகிதத் தாளிலும் ஒரு ரூலரிலும் கிடைத்துவிடுகிறது. முக்கோணவியல் எதற்கு என்று கேட்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது. இது தேர்வில் வராது, வராவிட்டாலும் நடத்துங்கள்.

டிகிரி, மினிட் கணக்கில் கோளாறு அறுபதால் வருகிறது. காந்த விலக்கம், அதாவது உண்மை வடக்குக்கும் திசைகாட்டி காட்டும் வடக்குக்கும் நடுவிலுள்ள கோணம், ஒரு தாளில் 2012க்கு 24°50' மேற்கு, ஆண்டுக்கு 9' மேற்காகக் கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம், 2024க்கு எவ்வளவு? 12 ஆண்டு, 108 மினிட். அதை 1.08 டிகிரி என்று எழுதுகிற பிள்ளைகளும் உண்டு, கூட்டி 25°98' என்று நிறுத்துகிறவர்களும் உண்டு. 108 மினிட் என்பது 1°48', கூட்டினால் 26°38'. ஒன்றே முக்கால் மணி நேரப் படத்தை யாரும் 1.45 மணி என்று சொல்வதில்லை, கடிகாரத்தில் அந்தப் பிள்ளைக்கு இது ஏற்கெனவே தெரியும், அங்கிருந்து ஆரம்பியுங்கள். கேசியோவிலும் ஷார்ப்பிலும் டிகிரி மினிட் பொத்தான் ஒன்று இருக்கிறது, அதைக் கையால் போட்ட விடையைச் சரிபார்க்கப் பயன்படுத்தட்டும். விலக்கம் மேற்கு என்றால் உண்மைத் திசைக்கோணத்தோடு கூட்டினால் காந்தத் திசைக்கோணம், ஆண்டு மாற்றம் கிழக்கு நோக்கி என்றால் விலக்கத்திலிருந்து கழிக்க வேண்டும். "எப்போது கூட்டுவது, எப்போது கழிப்பது" என்று மனப்பாடம் செய்ய விடாதீர்கள். உண்மை வடக்கு, காந்த வடக்கு என்ற இரண்டு கோட்டையும் வரைந்து பார்க்கட்டும்.

தீர்க்கரேகையையும் நேரத்தையும் இணைக்கும்போது நம் பிள்ளைகளுக்குச் சொந்தமான எண்கள் இருக்கின்றன. 15 டிகிரிக்கு ஒரு மணி, ஒரு டிகிரிக்கு 4 நிமிடம். டர்பனுக்கும் கேப் டவுனுக்கும் 12 டிகிரி 36 மினிட் வித்தியாசம், ஆகச் சூரியன் அங்கே ஏறக்குறைய 50 நிமிடம் தாமதம், ஆனால் கடிகாரம் ஒன்றுதான், ஏனென்றால் நாடு முழுதும் 30° கிழக்கை வைத்து ஓடுகிறது. சென்னைக்கும் நமக்கும் கடிகாரத்தில் மூன்றரை மணி, சூரியக் கணக்கில் 3 மணி 17 நிமிடம்தான். அந்த 13 நிமிடம் எங்கே போனது? இந்தியக் கடிகாரம் 82°30'ஐ வைத்து ஓடுவதால் சென்னையில் 9 நிமிடம், இங்கே நாம் 31இல் இருப்பதால் 4 நிமிடம். வகுப்பில் யாராவது ஒருவர் இதைத் தாங்களாகவே கண்டுபிடித்துவிடுவார்கள். ஒப்பந்தத் தொழிலாளர்களாக இந்தியர்களை இங்கே ஏற்றி வந்த முதல் கப்பலான ட்ரூரோ 1860 அக்டோபர் 12 சென்னையிலிருந்து கிளம்பி நவம்பர் 16 டர்பன் வந்தது, 35 நாள். பூகோள உருண்டையில் நூலைப் பிடித்து அளந்தால் 7100 கி.மீ. பக்கம் வரும், நாளுக்கு 200 கி.மீ. ஆனால் அந்த நூல் தென்னிந்தியாவின் மேலேயும் மடகாஸ்கர் மேலேயும் போகிறது. கப்பல் அப்படிப் போக முடியாது, அப்படியானால் உண்மையான வேகம் கூடுதலா குறைவா? கணக்கு முடிந்த இடத்தில் புவியியல் தொடங்குகிறது, நம் பாட்டன் பாட்டி வந்த வழி என்பதால் கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் பிள்ளைகள் பேசுவார்கள்.

மழைக்கு வருவோம். மழையை ஏன் மில்லிமீட்டரில், அதாவது நீளத்தில் அளக்கிறோம் என்று கிரேட் 12 பிள்ளையிடம் கேட்டாலும் பெரும்பாலும் பதில் வராது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை என்றால் ஒரு லிட்டர். இந்த ஒரு வரி கையில் இருந்தால் எல்லாம் திறந்துகொள்ளும். 2022 ஏப்ரல் 11, 12இல் டர்பன் வட்டாரத்தில் சில நிலையங்களில் 24 மணி நேரத்தில் 300 மி.மீ.க்கு மேல் பெய்தது. 100 சதுர மீட்டர் கூரை ஒன்றின் மேல் 30 000 லிட்டர், 5000 லிட்டர் ஜோஜோ தண்ணீர்த் தொட்டி ஆறு நிரம்பும். ஒரு சதுர கி.மீ. மலைச்சரிவில் 30 கோடி லிட்டர். இப்போது டோப்போ தாளில் ஓர் ஓடையின் வடிநிலத்தைப் பென்சிலால் கோடு போட்டு, கட்டங்களை எண்ணிப் பரப்பைக் கண்டு, எவ்வளவு தண்ணீர் ஒரே பள்ளத்துக்கு வந்திருக்கும் என்று போடச் சொல்லுங்கள். பரப்பளவு, கன அளவு, பத்தின் அடுக்கு, சமஉயரக்கோடு எல்லாம் ஒரே கேள்வியில் வந்துவிட்டன. நானூறுக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோன வெள்ளம் அது, வகுப்பில் வீடு இழந்த பிள்ளை, ஆளை இழந்த பிள்ளை இருக்கலாம், முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு நடத்துங்கள், தேவைப்பட்டால் ஊரை மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் இந்தக் கணக்கை விட்டுவிடாதீர்கள், மலைச்சரிவில் யார் எங்கே வீடு கட்டலாம் என்று நாளை முடிவெடுக்கப்போவது இந்தப் பிள்ளைகள்தான்.

மக்கள்தொகை வளர்ச்சி கணக்கு ஆசிரியருக்குப் போக வேண்டிய உதாரணம். கூட்டுவட்டியை எப்போது பார்த்தாலும் வங்கிக் கணக்கை வைத்தே நடத்துகிறார்கள். 2011 அக்டோபர் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டில் 5.18 கோடி, 2022 பிப்ரவரியில் தொடங்கிய கணக்கெடுப்பில் 6.20 கோடி. பத்து ஆண்டு நான்கு மாதத்தில் 19.7 விழுக்காடு. அதை ஆண்டுகளால் வகுத்து 1.9 என்று எழுதுவது தனிவட்டி மனசு. கூட்டு வளர்ச்சியாகப் போட்டால் ஆண்டுக்கு 1.75 பக்கம் வரும். சின்ன வித்தியாசம்தானே என்று தோன்றும். இரட்டிப்பாக எவ்வளவு காலம் என்று கேளுங்கள், முதல் முறையில் 50 ஆண்டைத் தாண்டும், இரண்டாவதில் 40. பள்ளிக்கூடங்களும் தண்ணீர்க் குழாய்களும் திட்டமிடுகிறவர்களுக்கு அந்தப் பன்னிரண்டு ஆண்டு சின்ன விஷயம் இல்லை.

காலநிலை வரைபடங்கள், இடப்பக்கம் மழை, வலப்பக்கம் வெப்பம் என்று இரண்டு அச்சுடன் வருபவை, உங்கள் வகுப்பிலேயே இருக்கட்டும். எந்த அச்சைப் படிப்பது என்று விரலால் தொட்டுக் காட்டச் சொல்வதைத் தவிர அதில் பெரிய வித்தை இல்லை.

அப்புறம், உங்கள் வகுப்பில் கணக்கு எடுத்த பிள்ளையும், அன்றாட வாழ்க்கைக்கான கணக்கான மேத்ஸ் லிட் எடுத்த பிள்ளையும் கலந்து உட்கார்ந்திருப்பார்கள். 2006 முதல் கிரேட் 10இல் இந்தப் பிரிவு இருக்கிறது, இன்னும் பல புவியியல் ஆசிரியர்கள் எந்தப் பிள்ளை எதில் இருக்கிறது என்று கேட்பதே இல்லை. கேளுங்கள். மேத்ஸ் லிட் பாடத்திட்டத்திலேயே வரைபடம், வீட்டு வரைபடம், அளவுத்திட்டம் என்று ஒரு தனிப்பகுதி உண்டு, அந்தப் பிள்ளைகள் ஸ்கேல் கணக்கில் மற்றவர்களைவிட உறுதியாக இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கணக்குப் பிள்ளைக்கு டேனும் காஸும் தெரியும், ரூலரை வரைபடத்தில் வைக்கத் தெரியாது. இரண்டு பேரையும் ஒரு மேசையில் உட்கார வையுங்கள். மேத்ஸ் லிட் பிள்ளை விளக்கிச் சொல்கிற இடத்தில் இருக்கும்போது அதன் முகத்தையும் பாருங்கள். அந்தப் பாடத்தைத் தாழ்வாகப் பேசும் பழக்கம் நம் வீடுகளில் நிறைய இருக்கிறது, எனக்கு அதில் மிகுந்த வருத்தம் உண்டு.

பாட வரிசையை மாற்றலாமா என்றும் கேட்பீர்கள். ஆண்டுப் பாடத்திட்டம் மேலிருந்து வருகிறது, எந்த வாரம் எது என்று எழுதியிருக்கிறது, அதோடு சண்டை போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். பாடத்தை மாற்ற முடியாது, உதாரணத்தை மாற்ற யாருடைய அனுமதியும் வேண்டாம். உங்களிடம் பழைய மேட்ரிக், அதாவது கிரேட் 12 இறுதித் தேர்வு, வரைபடத் துண்டுகள் கட்டுக்கட்டாகக் கிடக்கும், அதில் பத்தைக் கணக்கு ஆசிரியர் மேசையில் வையுங்கள். அவர் சரிவு நடத்தும் வாரத்தில் அதிலிருந்து ஒரு சாலை எடுக்கட்டும். பதிலுக்கு நீங்கள் அவர் எழுதும் முறையிலேயே எழுதுங்கள்: சூத்திரம், எண் போடுதல், அலகு, விடை என்று அவர் நான்கு வரி எழுதினால் உங்கள் பலகையிலும் அதே நான்கு வரி. மூன்று எழுத்தை முக்கோணத்தில் போட்டு ஒன்றை விரலால் மறைக்கும் வித்தையை இரண்டு பேரும் விட்டுவிடுவது நல்லது. அதை நம்புகிற பிள்ளைக்குக் கேள்வி கொஞ்சம் திரும்பினாலும் கை நின்றுவிடும்.

எங்கே தொடங்குவது என்றால், அடுத்த டெஸ்டில் தூரம், பரப்பு, சரிவு என்று மூன்று கேள்வி வையுங்கள், தாள்களை இரண்டு பேரும் சேர்ந்து திருத்துங்கள். மார்க் போடுவதற்கு மெமோ என்ற விடைக்குறிப்பு இருக்கிறது, அதைச் சொல்லவில்லை. ஒவ்வொரு தவறான விடையிலும் எங்கே உடைந்தது என்று ஓரத்தில் ஒரு குறி போடுங்கள்: சமஉயரக்கோட்டைத் தப்பாகப் படித்ததா, ரூலர் அளவா, அலகு மாற்றமா, விகிதமா. முதல் இரண்டும் உங்கள் வேலை, விகிதம் அவர் வேலை, அலகு மாற்றம் இரண்டு பேருக்கும் பொது. எந்தக் குறி அதிகம் வருகிறதோ அதை மட்டும் அடுத்த வாரம் இரண்டு வகுப்பிலும் ஒரே சாலையை வைத்து நடத்திவிட்டு, இரண்டு வாரம் கழித்து வேறு ஒரு தாளில் அதே மூன்று கேள்வியை மறுபடி கொடுத்துப் பாருங்கள். அந்த முறை ஆர்த்தோ படத்தையும் சேர்த்துக் கொடுங்கள், 0.5 மனப்பாடம் இன்னும் யாரிடம் இருக்கிறது என்று அதில் தெரிந்துவிடும்.